‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டும் அதன் திறனாய்வு ஏற்பும்

ஆய்வுச் சுருக்கம்

தனித்தனியே புகழ்பெற்ற கலைஞர்கள் கூடி அமைக்கும் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு, அக்கலைஞர்களின் முந்தைய சாதனைகளைக் கொண்டே அளக்கப்படுவது ராக், ஹெவி மெட்டல் இசைத்திறனாய்வின் நெடுநாள் வழக்கம். 1975ஆம் ஆண்டு பதிவுசெய்யப்பெற்று 1976இல் வெளிவந்த ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு இவ்வழக்கின் எல்லைகளைக் காட்டும் சிறந்த சான்றாகும். ஐவர் கொண்ட அக்குழுவில் மூவர் தமிழிசைச் சூழலில் உருவானவர்கள். எனினும் அவர்களின் கலைப் பின்புலம் மேலைத் திறனாய்வுக்கு அளவுகோலாக அமையவில்லை. இவ்விசைத்தட்டு வெளிவந்த காலத்தில் எவ்வாறு ஏற்கப்பட்டது, அதன் மதிப்பு எக்காரணங்களால் மாறியது, அம்மாற்றத்தில் தமிழ்க் கலைஞர்களின் பங்கு எந்த அளவுக்கு வெளிப்பட்டது என்பனவற்றை இக்கட்டுரை ஏற்பு வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: சக்தி, ஏற்பு வரலாறு, ஹெவி மெட்டல், நட்சத்திரக் கூட்டுக்குழு, கடம், கொன்னக்கோல், விக்கு விநாயக்ராம், எல். சங்கர்

முன்னுரை

ஒரு படைப்பின் வரலாறு அது வெளியான நாளோடு முடிவதில்லை. அதனை ஏற்போரின் எதிர்பார்ப்புகளோடு அது தொடர்ந்து இயங்குகிறது என்ற கருத்தை ஹான்ஸ் ராபர்ட் யாஸ் 1967ஆம் ஆண்டு கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையில் முன்வைத்தார். ‘எதிர்பார்ப்பின் அடிவானம்’ என்று அவர் குறித்த கருத்தாக்கம் தமிழ் இலக்கிய ஆய்வில் நன்கு அறிமுகமானது. ஆயின் தமிழகத்தோடு தொடர்புடைய இசைத்தட்டுகளின் ஏற்பு வரலாற்றை ஆராய அது மிகுதியும் பயன்பட்டதாகக் கூற இயலாது. இசை பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கணம், வாழ்க்கை வரலாறு, திரைப்பாடல் ஆகிய மூன்று துறைகளிலேயே நிலைகொண்டுள்ளன.

‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு இவ்வகை ஆய்வுக்கு ஏற்ற பொருளாகும். அது ஹெவி மெட்டல் இசைத்தட்டு அன்று. அதில் மின்னிசைக் கருவி ஒன்றும் இல்லை. ஆனால் அதன் கிதார்க் கலைஞர் அக்காலத்தின் மிக உரத்த மின்கிதார்க் குழுக்களில் ஒன்றிலிருந்து வந்தவர். அவரைப் பின்தொடர்ந்த இரசிகர்களின் எதிர்பார்ப்பும் அந்த உரத்த ஓசையையே சார்ந்திருந்தது. எனவே கனத்த ராக் இசைக்கென உருவான திறனாய்வு அளவைகளை முதலில் காண்பது இன்றியமையாததாகிறது.

1. நட்சத்திரக் கூட்டுக்குழுவும் திறனாய்வு அளவையும்

ஆங்கில இசையிதழ்கள் ‘சூப்பர் குரூப்’ என்று வழங்கும் குழுவை நட்சத்திரக் கூட்டுக்குழு எனலாம். 1966இல் எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகிய மூவரும் அமைத்த ‘கிரீம்’ இவ்வகைக்கு முன்னோடி. 1969இல் கிளாப்டனும் பேக்கரும் ஸ்டீவ் வின்வுட், ரிக் கிரெச் ஆகியோருடன் அமைத்த ‘பிளைண்ட் ஃபெய்த்’ ஒரே இசைத்தட்டை வெளியிட்டு, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய இரு நாடுகளின் விற்பனைப் பட்டியல்களிலும் முதலிடம் பெற்று, அதே ஆண்டில் கலைந்தது. கலைஞர்களின் பழைய புகழே புதிய குழுவின் மூலதனமாவதும், அதுவே அதன் சுமையாவதும் இக்குழுவின் குறுகிய வரலாற்றில் தெளிவாகின்றன.

கனத்த ராக் இசையின் தொடக்ககாலத் திறனாய்வு ஒப்பீட்டையே முதன்மைக் கருவியாகக் கொண்டது. ‘லெட் செப்பலின்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1969இல் வெளிவந்தபோது, ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் ஜான் மெண்டல்சன் அதனை ஜெஃப் பெக் குழுவின் முந்தைய இசைத்தட்டோடு ஒப்பிட்டுத் தாழ்வாக மதிப்பிட்டார். 1970இல் ‘பிளாக் சாபத்’ குழுவின் முதல் இசைத்தட்டை மதிப்பிட்ட லெஸ்டர் பேங்ஸ், அது ‘கிரீம்’ குழுவின் தரங்குறைந்த சாயல் என்ற கருத்தில் எழுதினார். இன்று இவ்விரு இசைத்தட்டுகளும் ஹெவி மெட்டல் இசையின் அடித்தளங்களாகக் கருதப்படுகின்றன. ஒரு புதிய ஓசையை அதற்கு முந்தைய ஓசையின் குறைபட்ட வடிவமாகக் கேட்பது திறனாய்வின் முதற்கட்ட இயல்பு என்பதை இவை உணர்த்துகின்றன.

இவ்வழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. ‘ஆடியோஸ்லேவ்’ குழுவின் முதல் இசைத்தட்டு 2002 நவம்பரில் வெளிவந்தபோது, கிறிஸ் கார்னலின் முந்தைய குழுவான ‘சவுண்ட்கார்டன்’, ஏனைய மூவரின் முந்தைய குழுவான ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்’ ஆகிய இரண்டோடும் ஒப்பிட்டே மதிப்பிடப்பட்டது. அமெரிக்காவில் 30 இலட்சம் படிகளுக்கான விற்பனைச் சான்றிதழை அது பெற்றபோதும் திறனாய்வாளர்களின் கருத்து பிளவுபட்டே இருந்தது. மாறாக, ‘பாண்டெரா’, ‘குரோபார்’, ‘கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி’, ‘ஐஹேட்காட்’ ஆகிய குழுக்களின் கலைஞர்கள் கூடிய ‘டவுன்’ குழு, 1995இல் தன் முதல் இசைத்தட்டுக்கு நியூ ஆர்லியன்ஸ் நகரின் பெயர்ச்சுருக்கத்தையே தலைப்பாக இட்டது. அக்கலைஞர்கள் ஒரு வட்டாரத்தின் ஓசையைக் கொண்டுவந்தவர்கள் என்ற வாசிப்பை அத்தலைப்பே வழங்கியது. பின்னாளைய மதிப்பீடுகளும் அதனை அந்நகரின் கனத்த இசைக்குச் சான்றாகவே போற்றுகின்றன.

இவற்றிலிருந்து இரு கூறுகளைப் பெறலாம். ஒன்று, உறுப்பினர் அனைவரின் கடந்தகாலமும் திறனாய்வாளருக்குத் தெரிந்திருந்தால்தான் கூட்டுக்குழு என்ற மதிப்பீடு முழுமை பெறும். மற்றொன்று, இசைத்தட்டின் பெயரிடலும் வகைப்பாடும் அதன் ஏற்பை முன்கூட்டியே வழிநடத்துகின்றன. ‘சக்தி’ குழுவை ஆராய இவ்விரு கூறுகளும் அடிப்படையாகின்றன.

2. மின்கிதாரிலிருந்து ‘சக்தி’க்கு

1942இல் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் பிறந்த ஜான் மெக்லாக்லின், 1969இல் அமெரிக்காவுக்குச் சென்று டோனி வில்லியம்சின் ‘லைஃப்டைம்’ குழுவிலும் மைல்ஸ் டேவிசின் பதிவுகளிலும் வாசித்தார். டேவிசின் ‘பிட்சஸ் புரூ’ இசைத்தட்டில் ஒரு பகுதிக்கு மெக்லாக்லினின் பெயரே தலைப்பாக இடப்பட்டுள்ளது. ‘கிரீம்’ குழுவின் ஜாக் புரூசும் 1970இல் ‘லைஃப்டைம்’ குழுவில் இணைந்தார். ஆக, மெக்லாக்லின் நட்சத்திரக் கூட்டுக்குழு மரபுக்கு அயலானவர் அல்லர்.

1971இல் அவர் தொடங்கிய ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ ஜாஸ் இசையின் உடனடிப் புனைவையும் ராக் இசையின் உரத்த ஓசையையும் ஒற்றைப்படைத் தாளக் கணக்குகளையும் இணைத்தது. அதன் இரண்டாம் இசைத்தட்டான ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 1973இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடத்தை எட்டியது. சொற்கள் இல்லாத கருவியிசைக்கு இது அரிய வெற்றி. இரட்டைக்கழுத்து மின்கிதாரும் பில்லி காபமின் முரசும் அக்குழுவின் அடையாளங்களாயின. 1973 இறுதியில் அதன் முதல் அணி கலைந்தது. வேறு கலைஞர்களோடு 1975 வரை குழு தொடர்ந்தது.

இக்காலத்திலேயே மெக்லாக்லின் மின்னோசை இல்லாத ஒரு குழுவை உருவாக்கத் தொடங்கியிருந்தார். அதற்கென அவர் பயன்படுத்திய கிதாரின் விரற்பலகை மெட்டுகளுக்கிடையே குழிவாகச் செதுக்கப்பட்டது. ஓசைத்துளைக்கு மேல் குறுக்காக ஏழு சுருதித் தந்திகள் பொருத்தப்பட்டன. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்புவதற்கு ஒத்த வசதியைக் குழிந்த விரற்பலகை தந்தது. இம்மாற்றம் கருநாடக இசையைப் பயின்றதன் விளைவு என்பதில் ஐயமில்லை.

3. வெஸ்லியன் பல்கலைக்கழகமும் தமிழ்க் கலைஞர்களும்

‘சக்தி’ உருவான களம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகமாகும். மிருதங்கம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்த ராபர்ட் பிரவுன் அங்கு 1960களில் இசைப் பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கினார். ‘உலக இசை’ என்ற தொடரைக் கல்விப்புலத்தில் வழக்கிற்குக் கொணர்ந்தவராகவும் அவரே கருதப்படுகிறார். தி. பாலசரஸ்வதி, அவர்தம் தம்பியரான மிருதங்கக் கலைஞர் தி. ரங்கநாதன், புல்லாங்குழல் கலைஞர் தி. விஸ்வநாதன், வாய்ப்பாட்டுக் கலைஞர் ராம்நாட் கிருஷ்ணன் ஆகியோர் அங்குக் கற்பித்துள்ளனர். ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி ராம்நாட் ராகவன் அங்கு மிருதங்க ஆசிரியராகப் பணியாற்றினார். இவரே ‘சக்தி’யின் முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்தவர்.

மெக்லாக்லினுக்கு வெஸ்லியனில் வீணை கற்பித்தவர் டாக்டர் எஸ். இராமநாதன். சிலப்பதிகாரத்தின் இசைக்குறிப்புகளை ஆராய்ந்து அப்பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அவ்வாய்வினை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1979இல் நூலாக வெளியிட்டது. சிலம்பின் இசை ஆய்வாளரும் மின்கிதார்க் கலைஞரும் ஆசிரியரும் மாணவருமாக அமர்ந்த இந்நிகழ்வு தமிழிசை வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை. ‘சக்தி’யைப் பற்றிய மேலை எழுத்துகளிலும் இராமநாதன் வீணை ஆசிரியராக மட்டுமே சுட்டப்படுவது வழக்கம்.

வயலின் கலைஞர் எல். சங்கர் 1950இல் சென்னையில் பிறந்தவர். இளமையை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கு இசையாசிரியராக இருந்தார். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தை அடுத்துக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோர் சங்கரின் தமையன்மார். சங்கர் 1969இல் அமெரிக்கா சென்று வெஸ்லியனில் பயின்று முனைவர் பட்டம் பெற்றார்.

கடக் கலைஞர் ‘விக்கு’ விநாயக்ராம் மெக்லாக்லின் பிறந்த அதே 1942இல் பிறந்தவர். அவர் தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயத்தை நிறுவியவர். 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம்.எஸ். சுப்புலட்சுமி நிகழ்த்திய கச்சேரியில் விநாயக்ராம் கடம் வாசித்தார். ‘சக்தி’யில் இணைந்தபோது அவர் சென்னை இசையுலகில் நிலைபெற்ற கலைஞர். தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன், உஸ்தாத் அல்லா ரக்காவின் மகன். பஞ்சாப் கரானா மரபினர்.

இப்பின்புலத்தை நோக்கின் ‘சக்தி’ ஐந்து நட்சத்திரங்களின் கூட்டுக்குழு என்பது தெளிவு. ஆனால் அதன் மேலைக் கேட்போருள் பெரும்பாலோருக்கு அவ்வைந்து பெயர்களுள் ஒன்றே தெரிந்திருந்தது.

4. இசைத்தட்டின் அமைப்பு

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியிலுள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியின் பதிவே முதல் இசைத்தட்டாயிற்று. கொலம்பியா நிறுவனம் அதனை 1976இல் வெளியிட்டது. அதில் மூன்றே உருப்படிகள் உள்ளன. ‘ஜாய்’ என்னும் முதல் உருப்படி 18 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. ‘லோட்டஸ் ஃபீட்’ என்னும் இரண்டாம் உருப்படி 5 நிமிடங்களுக்கும் குறைவானது. இறைவனின் திருவடியில் ஆடுதல் பற்றிய நீண்ட தலைப்புடைய மூன்றாம் உருப்படி ஏறத்தாழ 29 நிமிடங்கள் நிகழ்ந்து, இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கிறது.

இவ்வமைப்பு கவனத்திற்குரியது. நேரடிப் பதிவை முதல் வெளியீடாகக் கொண்டதன்வழி, கேட்போர் முன்னிலையில் உடனடியாக இசையைப் படைக்கும் கச்சேரிப் பண்பு முதன்மை பெறுகிறது. கிதாரும் வயலினும் ஒரே சொற்கட்டை மிகுவேகத்தில் சேர்ந்து வாசிப்பதும், ஒருவர் வாசித்ததை மற்றவர் திருப்பி வாசிப்பதும், தாளக்கருவிகள் தமக்குள் உரையாடி இறுதியில் ஒன்றுகூடிச் சமத்தில் வந்து சேர்வதும் தனி ஆவர்த்தன மரபினை ஒத்தவை. வானொலி ஒலிபரப்புக்கு ஏற்ற சிறு பாடல் என்று கொள்ளத்தக்கது ‘லோட்டஸ் ஃபீட்’ ஒன்றே. அதே உருப்படியை ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’வும் 1976இல் வெளிவந்த ‘இன்னர் வேர்ல்ட்ஸ்’ இசைத்தட்டில் மின்னிசை வடிவில் பதிவுசெய்தது. ஓர் உருப்படி ஒரே ஆண்டில் ஈருருவம் பெற்றமையால், ‘சக்தி’யின் தேர்வு திறன் குறைந்ததன் விளைவன்று, அழகியல் முடிவு என்பது உறுதிப்படுகிறது.

5. முதற்கட்ட ஏற்பு: பெயரும் வகைப்பாடும்

வெளியீட்டு நிறுவனம் இசைத்தட்டைக் குழுவின் பெயரோடு மெக்லாக்லினின் பெயரையும் சேர்த்தே வெளியிட்டது. அடுத்த இசைத்தட்டுகளிலும் இம்முறையே தொடர்ந்தது. வணிக நோக்கில் இது இயல்பான முடிவு. எனினும் திறனாய்வு வாசிப்பை இது ஒருமுகப்படுத்தியது. ஒருவர் பெயர் அட்டையில் நிற்க, நால்வர் ‘குழு’ என்ற பொதுச்சொல்லில் அடங்கினர். கூட்டுக்குழுவுக்குரிய ஒப்பீட்டு அளவை ஒருவரின் கடந்தகாலத்திற்கு மட்டுமே பயன்பட்டது. இதனால் ‘சக்தி’யின் இசை, மின்கிதாரைத் துறந்த ஒரு கலைஞரின் வாழ்க்கைக் கட்டமாக வாசிக்கப்பட்டது. தம் முடிவைப் பித்துக்கொள்ளித்தனம் எனத் தம்மைச் சூழ்ந்தோர் கருதியதை மெக்லாக்லினே பின்னாளைய நேர்காணல்களில் குறிப்பிட்டுள்ளார். விற்பனையும் ‘மகாவிஷ்ணு’ இசைத்தட்டுகளின் அளவை எட்டவில்லை.

வகைப்பாட்டுச் சிக்கல் இதனினும் ஆழமானது. ‘உலக இசை’ என்ற வணிக வகை 1987இல் இலண்டனில் சிறு இசைநிறுவனங்கள் கூடி முடிவெடுத்த பின்னரே கடைகளில் நிலைபெற்றது. அதற்குப் பதினோராண்டுகள் முன்னர் வெளிவந்த ‘சக்தி’க்குக் கடையில் உரிய அலமாரியே இல்லை. ஜாஸ் அலமாரியில் அது வைக்கப்பட்டது. ஜாஸ் அளவைகளாலேயே மதிக்கப்பட்டது. ‘உலக இசை’ என்ற தொடர் கல்விப்புலத்தில் பிறந்த அதே வெஸ்லியனில்தான் இக்குழுவின் முக்கிய உறவுகளும் அரும்பின என்பதை எண்ணின், கல்விப்புலம் பெயரிட்ட ஒன்றைச் சந்தை ஏற்க இரு தலைமுறைக் கேட்போர் தேவைப்பட்டனர் என்பது புலனாகும்.

‘கீழை–மேலை இணைப்பு’ என்ற தொடர் இக்குழுவைக் குறிக்கும் வாய்பாடாயிற்று. இத்தொடர் இக்குழுவில் நிகழ்ந்த மற்றொரு சந்திப்பை மறைத்துவிடுகிறது. தபலாவும் கடமும் மிருதங்கமும் ஒரே குழுவில் நிலையாக இணைவது இந்தியச் சூழலில் புதுமையானது. இந்துஸ்தானி இசையின் காயிதா, திஹாய் ஆகியவற்றுக்கும் கருநாடக இசையின் கோர்வை, மோரா ஆகியவற்றுக்கும் பொதுமொழி காண்பது எளிய பணியன்று. மேலைச் செவிக்கு இவ்விரண்டும் ‘இந்திய இசை’ என ஒன்றாகவே ஒலித்தன. வடக்கும் தெற்கும் கூடிய சந்திப்பு கீழை–மேலைச் சந்திப்புக்குள் கரைந்துபோனது.

6. கச்சேரி மரபின் நோக்கில்

கருநாடக இசைக் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கமே முதன்மைத் தாளக்கருவி. கடம், கஞ்சிரா, முகர்சங்கு ஆகியன அதனைத் தொடர்வன. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்த பின்னரே கடம் விடைகூறும். மிருதங்கக் கலைஞருக்குச் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதே 1966இல் பாலக்காடு மணி ஐயருக்கு வழங்கப்பட்டதில்தான் தொடங்கியது. உபபக்கவாத்தியத்தின் நிலை இதிலிருந்து உய்த்துணரத்தக்கது.

முதல் இசைத்தட்டில் ராகவனின் மிருதங்கம் இருந்தது. 1976க்குப் பின் அவர் குழுவில் தொடரவில்லை. ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலமென்ட்ஸ்’ ஆகிய அடுத்த இசைத்தட்டுகள் நால்வரால் உருவாயின. அவற்றில் தென்னகத் தாள மரபின் பொறுப்பு கடத்தையே சார்ந்தது. மானாமதுரை போன்ற ஊர்களில் குயவர் மண்ணால் வனையும் ஒரு கருவி, மிருதங்கத்தின் நிழலிலிருந்து விலகித் தபலாவுக்கு நிகராக உலக அரங்கில் நின்றது. ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யில் ஓர் உருப்படி கொன்னக்கோலோடு தொடங்குகிறது. கச்சேரிகளில் அருகிவந்த ஒரு கலை ராக் இரசிகர்களின் செவிக்கு இவ்வாறு சென்றடைந்தது.

இதனை மரபின் மீறல் என்றோ வெற்றி என்றோ ஒருசொல்லில் முடித்துவிடலாகாது. கச்சேரி மரபில் வாய்ப்பாட்டும் சாகித்தியமும் முதன்மை. இராக ஆலாபனைக்கு ஓய்வான காலம் தேவை. ‘சக்தி’யின் இசை வேகத்திற்கும் தாள உரையாடலுக்கும் தந்த இடத்தைச் சாகித்தியத்திற்குத் தரவில்லை. கருநாடக இசையின் தாளக்கூறு உலகெங்கும் பரவிய அளவுக்கு அதன் சொல்லும் பொருளும் பரவாமைக்கு இவ்வகைக் குழுக்களும் ஒரு காரணம் எனின் அது மிகையாகாது. கருவியின் படிநிலை மாறியதும் பாடலின் இடம் சுருங்கியதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். ஏற்பு வரலாறு இரண்டையும் பதிவுசெய்தல் வேண்டும்.

7. மறுமதிப்பீடு

1978இல் குழு கலைந்தது. அவ்வாண்டில் மெக்லாக்லின் வெளியிட்ட தனி இசைத்தட்டின் தலைப்பே ‘எலக்ட்ரிக் கிதாரிஸ்ட்’ என்பதாகும். அவரது பழைய இரசிகர்களின் எதிர்பார்ப்பு எதுவாக இருந்தது என்பதற்கு இத்தலைப்பே போதிய சான்று. ஏனையோரின் பயணமும் தொடர்ந்தது. சங்கரின் ‘டச் மீ தேர்’ இசைத்தட்டை 1979இல் ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பா தயாரித்தார். மறுபுறம், உமையாள்புரம் கே. சிவராமன், ஜாகிர் உசேன் ஆகியோருடன் மரபுசார்ந்த பதிவொன்றையும் சங்கர் செய்தார். மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டு 1992இல் உலக இசைப் பிரிவின் முதல் கிராமி விருதைப் பெற்றது. அதில் விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் பங்கேற்றிருந்தனர். ‘சக்தி’க்கு இல்லாதிருந்த அலமாரி இப்போது உருவாகிவிட்டது, அதில் முதலில் இடம்பெற்றோருள் ‘சக்தி’யின் தாளக்கலைஞர் இருவர் இருந்தனர்.

தமிழகத்திலும் இணைப்பிசைக்கான செவி வேறொரு வழியில் பக்குவப்பட்டது. 1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ இசைத்தொகுப்பின் தலைப்பே பெயரிடல் சிக்கலை வினாவாக்குகிறது. திரையிசையின்வழி மேலை இசைக்கூறுகளோடு பழகிய கேட்போர், திரைக்கு அப்பாலான கருவியிசைத் தொகுப்பையும் ஏற்றனர். சென்னைக் கேட்போருக்கு இணைப்பிசை ஜாஸ் வழியாக வந்ததினும் திரையிசை வழியாக வந்ததே மிகுதி எனலாம்.

1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் குழு மீண்டும் கூடியது. சங்கர் இதில் இடம்பெறவில்லை. பின்னர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் இணைந்தனர். வாய்ப்பாட்டின் வருகை, முதல் குழுவில் சுருங்கியிருந்த குரலிசையின் இடத்தை ஓரளவு மீட்டது. வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலனும் இணைந்த அணி 2023இல் வெளியிட்ட ‘திஸ் மொமெண்ட்’ இசைத்தட்டு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். விருதையும் மறைவையும் ஒட்டி எழுந்த எழுத்துகளில் முதல் இசைத்தட்டு முன்னோடிப் படைப்பாகவே நினைவுகூரப்பட்டது. 1976இல் விலகலாகத் தோன்றியது 2024இல் தொடக்கமாக மதிக்கப்பட்டது.

8. ‘கனம்’ என்னும் அளவை

இம்மாற்றத்திற்கு விருதுகளும் வணிக வகைகளும் மட்டுமே காரணமல்ல, செவியும் மாறியது. ஹெவி மெட்டல் இசையில் மின்கிதாரின் சிதைவோசை ஆற்றலின் குறியீடாகச் செயற்படுவதை இராபர்ட் வால்சர் தம் ஆய்வில் விளக்கியுள்ளார். இவ்வளவையின்படி மின்னோசை இல்லாத குழு ஆற்றல் குறைந்ததாகவே கேட்கும். அதன் பெயர் ‘சக்தி’ என்றிருப்பினும் பயனில்லை. ஆயின் ஓசையின் அளவு கனத்தின் ஒரு வகையே. தாளச்செறிவும் கனத்தை உருவாக்க வல்லது. ஒரே தாளத்திற்குள் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என நடை மாறுவதும், ஒரு கோர்வை மும்முறை அடுக்கப்பெற்றுச் சமத்தில் விழுவதும் கேட்போரிடம் உருவாக்கும் இறுக்கமும் விடுதலையும் மெட்டல் இசையின் அடர்ந்த கிதார்ச் சொற்கட்டுகள் உருவாக்குவதற்கு நிகரானவை.

பிற்கால மெட்டல் இசை ஒற்றைப்படைத் தாளக் கணக்குகளை நோக்கி நகர்ந்தபோது இவ்வொப்புமை வெளிப்படையாயிற்று. கனத்த கிதார் மரபில் வந்த ஷான் லேனும் பாஸ் கிதார்க் கலைஞர் ஜோனாஸ் ஹெல்போர்க்கும் செல்வகணேஷுடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் இசைத்தட்டு வெளியிட்டனர். 2003இல் வெளிவந்த ‘ஐகான்’ இசைத்தட்டில் விநாயக்ராமின் புதல்வர் மூவர் பங்கேற்றனர். மெக்லாக்லினும் செல்வகணேஷும் 2007இல் கொன்னக்கோலுக்கென ஒளிப்படப் பாடம் ஒன்றை வெளியிட்டனர். பெங்களூரின் ‘புராஜெக்ட் மிஷ்ரம்’ போன்ற குழுக்கள் கருநாடக இசையையும் மெட்டல் இசையையும் நேரடியாக இணைக்கின்றன. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கப்பெற்று 1998இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ‘ருத்ரா’ மெட்டல் குழுவை, அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு பொருத்தி யூஜின் டைரியநாதன் ஆராய்ந்துள்ளார். அவ்வகை ஆய்வுக்குத் தமிழில் இன்னும் தக்க இணை இல்லை.

சென்னையின் சூழலும் இதற்கு இசைவானதே. சுவீடன் நாட்டு மெட்டல் குழுவான ‘ஓபெத்’ 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ விழாவில் இசைத்தது. தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் முதலிய புறநகர்ப் பகுதிகளில் மிருதங்க வகுப்பும் டிரம்ஸ் வகுப்பும் அருகருகே நடப்பது இன்று இயல்பாகிவிட்டது. இவ்விரண்டையும் கேட்டு வளரும் மாணவருக்குத் ‘தகதிமி’யும் மெட்டல் தாளமும் அயல்மொழிகளாகத் தோன்றுவதில்லை. எதிர்பார்ப்பின் அடிவானம் மாறியதற்கு இம்மாணவரின் செவியும் சான்றாகும்.

முடிவுரை

‘சக்தி’யின் முதல் இசைத்தட்டு பற்றிய மதிப்பீடு மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதல் நிலையில் அது மின்கிதார்க் கலைஞர் ஒருவரின் விலகலாக வாசிக்கப்பட்டது. இரண்டாம் நிலையில் ‘உலக இசை’ என்னும் வகையின் முன்னோடியாக மீட்கப்பட்டது. மூன்றாம் நிலையில் தாளச்செறிவைக் கனமாகக் கேட்கப் பழகிய தலைமுறையின் மூலநூலாகக் கொள்ளப்படுகிறது. மூன்று நிலைகளிலும் ஒலிப்பதிவில் மாற்றமில்லை. கேட்போரின் எதிர்பார்ப்பே மாறியுள்ளது.

நட்சத்திரக் கூட்டுக்குழு என்ற அளவை அனைவரின் கடந்தகாலத்தையும் அறிந்த திறனாய்வையே வேண்டுகிறது. மெக்லாக்லினின் ‘மகாவிஷ்ணு’ காலத்தை அறிந்த திறனாய்வு, விநாயக்ராமின் கச்சேரிக் காலத்தையும், சங்கரின் யாழ்ப்பாணத்தையும், ராகவனின் இராமநாதபுர மரபையும், இராமநாதனின் சிலப்பதிகார ஆய்வையும் அறிந்திருந்தால் 1976இன் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும். அவ்வறிவை வழங்கும் பொறுப்பு ஆங்கில இசையிதழ்களைவிடத் தமிழ் ஆய்வுலகையே மிகுதியும் சார்ந்தது. அக்காலத் தமிழ், ஆங்கில நாளிதழ்களின் சென்னைப் பதிப்புகள், வானொலி ஆவணங்கள், வெஸ்லியனில் பணிபுரிந்த கலைஞர்களின் குறிப்புகள் ஆகியவற்றைத் தொகுத்து ஆராய்வது அடுத்துச் செய்யத்தக்க பணியாகும். அக்கலைஞர்களோடு பழகியோர் நம்மிடையே உள்ளபோதே அப்பணி தொடங்கப்பெறுதல் நலம்.